சுடுவது ஒரு நொடி... இழுப்பது மூணு மணி நேரம்!

நவம்பர் கடைசி வந்தால் போதும்... அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆபீஸ்களில் லீவ் லெட்டர்கள் பறக்கும். ஒன்பது நாள் மான் வேட்டை சீஸன்! லைசென்ஸ் எடுத்து, பளீர் ஆரஞ்சு சட்டை மாட்டி (பக்கத்து வேட்டைக்காரர் நம்மையே மான் என்று நினைத்துவிட்டால்?) இருட்டோடு காட்டுக்குள் போய்விடுவார்கள்.

மான் விழுந்ததா? ஜோலியே இனிமேல்தான்!

முதலில் அங்கேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட வேண்டும். சூடு உள்ளேயே தங்கினால் கறி கெட்டுப்போகும். அதற்கப்புறமும் வளர்ந்த ஆண் மான் 60 கிலோவுக்கு மேல் சர்வசாதாரணமாக நிற்கும். கொம்பில் கயிறு கட்டித் தலைப்பக்கமாகத்தான் இழுக்கணும். பின்னங்காலைப் பிடித்தால் ரோமம் எதிர்த்துக்கொண்டு அடிக்கு அடி தகராறு பண்ணும். பனி கொட்டியிருந்தால் யோகம்... சறுக்கிக்கொண்டே வரும். ரெண்டு சக்கரத் தள்ளுவண்டியும் கடையில் உண்டு. ஆனால், 1964 சட்டப்படி வனாந்தரமாக ஒதுக்கிய காடுகளில் சக்கரத்துக்குத் தடா!

வருஷம் பூரா நாற்காலியில் தொப்பை வளர்த்த ஆசாமிக்கு இங்கேதான் கண்டம். மிஷிகனில் டாக்டர்கள் 25 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவி மாட்டி வேட்டைக்கு அனுப்பினார்கள். 2007-ல் வெளியான முடிவு: சிலருக்குத் துடிப்பு, டிரெட்மில் சோதனையில் தொட்ட உச்சத்தையே தாண்டிவிட்டது!

அதனால்தான் விவரமான பெரிசுகள் பத்தடி இழுத்தால் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். இன்னும் விவரமானவர்கள், மான் கிடுகிடு பள்ளத்தில் நின்றால் துப்பாக்கியையே தூக்குவதில்லை.