வானத்தில் ஒரு மோதல்

இரவு எட்டு மணி. கரண்டு போய்விட்டது. வீட்டுக்குள் ஒரே புழுக்கம். எல்லோரும் கடற்கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தார்கள். அன்று நிலா இல்லை. வானம் முழுக்க நட்சத்திரங்கள்.

பேத்தி கேட்டாள்:

"பாட்டி, வேற ஒரு நட்சத்திரக் கூட்டம் வந்து நம்ம கூட்டத்து மேல மோதப் போகுதாம். பூமியே அழிஞ்சிடுமாம். செல்போன்ல பாத்தேன். நெசமா பாட்டி?"

பாட்டி அண்ணாந்து பார்த்தார். 2004-ஆம் ஆண்டு கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவருக்கும் நெஞ்சு படபடத்தது.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரலாம். பதிலைத் தெரிந்துகொள்வோம்.

நம்முடைய நட்சத்திரக் கூட்டம்

பூமி சூரியனைச் சுற்றி வருகிறது. சூரியன் ஒரு நட்சத்திரம். அது நமக்கு அருகில் இருக்கிறது. அதனால் பெரிதாகத் தெரிகிறது.

நட்சத்திரங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை. கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஒரு பெரிய கூட்டத்துக்கு 'விண்மீன் மண்டலம்' என்று பெயர். நம் சூரியன் இருக்கும் மண்டலத்தின் பெயர் பால்வீதி. இதில் 10,000 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்கள் உள்ளன. இருட்டான இரவில், பாலைக் கொட்டியது போல வானத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அதுதான் பால்வீதி. நாம் அதற்கு உள்ளேயே இருந்து அதைப் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர்

நமக்கு அடுத்துள்ள பெரிய மண்டலத்தின் பெயர் ஆண்ட்ரோமீடா. இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். தீவுகளில் இன்னும் நன்றாகத் தெரியும். ஏனென்றால் விளக்கு வெளிச்சம் இங்கே குறைவு.

நவம்பர் கடைசியில், இரவு எட்டு மணிக்கு, மேகம் இல்லாத நாளில் பாருங்கள். உச்சி வானத்துக்கு அருகே நான்கு நட்சத்திரங்கள் கட்டில் கால்களைப் போலத் தெரியும். அவைதான் பூரட்டாதியும் உத்திரட்டாதியும். அவற்றுக்கு வடக்கே, சற்றுக் கிழக்கே தள்ளி, ஒரு சிறு வெண்புகை போல இருக்கும். அதுதான் ஆண்ட்ரோமீடா.

அது எவ்வளவு தூரம்? வெளிச்சம் ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சூரியனின் வெளிச்சம் நம்மிடம் வர 8 நிமிடம் ஆகிறது. ஆண்ட்ரோமீடாவின் வெளிச்சம் வர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் பார்ப்பது 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட வெளிச்சம். அன்று நம்மைப் போன்ற மனிதர்களே தோன்றவில்லை.

அது நம்மை நோக்கி வருகிறதா?

ஆம், வருகிறது. நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வர இரண்டரை, மூன்று நாள் ஆகும். இந்த வேகத்தில் வந்தால் 11 நொடி போதும்.

அப்படியிருந்தும், தூரம் மிக அதிகம். 2012-இல் விஞ்ஞானிகள் ஒரு கணக்குச் சொன்னார்கள். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு மண்டலங்களும் மோதும் என்றார்கள். 2025-இல் வேறு விஞ்ஞானிகள் புதிய அளவுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதவும் செய்யலாம், மோதாமலும் போகலாம். இரண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு என்றார்கள். அறிவியலில் இது சாதாரணம். புதிய அளவு கிடைத்தால் பழைய கணக்கைத் திருத்துவார்கள்.

மோதினால் என்ன ஆகும்?

இரண்டு பஸ்கள் மோதினால் நொறுங்கிவிடும். விண்மீன் மண்டலங்கள் அப்படி மோதுவதில்லை. ஏன்?

ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் சூரியன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போர்ட் பிளேரில் வையுங்கள். சூரியனைப் போன்ற அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைக்க வேண்டும்? பக்கத்துத் தெருவிலா? பக்கத்துத் தீவிலா? இல்லை. சென்னையில் வைக்க வேண்டும்! நடுவே 1,190 கிலோமீட்டர் கடல்.

நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம் இருக்கிறது. இரண்டு மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் நட்சத்திரங்கள் இடித்துக்கொள்வது மிக மிக அரிது. பெரிய கடலில் நாலைந்து தோணிகள் எதிரெதிரே போவதைப் போன்றது அது.

ஆனால் மாற்றம் இருக்கும். மண்டலங்களில் உள்ள வாயு மேகங்கள் மோதும். அதனால் புதிய நட்சத்திரங்கள் பிறக்கும். ஈர்ப்பு விசை நட்சத்திரங்களின் பாதையை மாற்றும். நம் சூரியனும் வேறு இடத்துக்குத் தள்ளப்படலாம். அப்போதும் பூமி சூரியனோடு சேர்ந்தே போகும். வானத்தின் தோற்றம் மட்டும் மாறிவிடும்.

இப்போதே ஒரு மோதல் நடந்துகொண்டிருக்கிறது. தனுசு ராசி இருக்கும் பக்கத்தில் ஒரு சிறிய மண்டலத்தை 1994-இல் கண்டுபிடித்தார்கள். நம் பால்வீதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. நமக்கு ஏதாவது ஆனதா? ஒன்றும் ஆகவில்லை.

அப்போது பூமியில் யார் இருப்பார்கள்?

சூரியன் சிறிது சிறிதாகச் சூடேறி வருகிறது. இன்னும் 100 கோடி ஆண்டுகளில் அதன் ஒளி பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதற்குப் பிறகு கடல் நீர் ஆவியாகப் போய்விடும் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். நீர் இல்லாவிட்டால் உயிர் ஏது? ஆகவே ஆண்ட்ரோமீடா வருவதற்கு வெகுகாலம் முன்பே பூமி வறண்டிருக்கும்.

அது நம் காலத்தில் அல்ல. நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அல்ல. 2012 டிசம்பர் 21-இல் உலகம் அழியும் என்று பல நாடுகளில் புரளி கிளம்பியது. அந்த நாளும் வந்தது, போனது. உலகம் அழியும் என்று யாராவது சொன்னால், "எப்போது? எப்படித் தெரியும்? யார் கணக்கிட்டது?" என்று கேளுங்கள்.

நம் காலடியில் ஒரு மோதல்

நாம் கவனிக்க வேண்டிய மோதல் வானத்தில் இல்லை. நம் காலடியில் இருக்கிறது.

பூமியின் மேல் ஓடு பல பெரிய பாளங்களால் ஆனது. இந்தியப் பாளம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கே கடலடியில், இன்னொரு பாளத்துக்குக் கீழே நுழைகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது. நம் நகம் வளரும் வேகம்தான். ஆனால் பாளங்கள் சிக்கிக்கொண்டு நிற்கும். பல காலம் அழுத்தம் சேரும். ஒரு நாள் திடீரென்று விடுபடும். அப்போது நிலம் அதிரும்.

2004 டிசம்பர் 26 காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு அப்படித்தான் நடந்தது. சுமத்ரா அருகே தொடங்கிய பிளவு அந்தமான் வரை நீண்டது. சுனாமி வந்தது. கார் நிக்கோபார், கட்சால் முதலிய தீவுகளில் ஊர்களே அழிந்தன. இந்தத் தீவுகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் உள்ள இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. லிட்டில் அந்தமானில் ஓங்கி மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடி உயிர் தப்பினார்கள்.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் அலை சில நிமிடங்களில் தீவுக்கு வந்துவிடலாம். ஆகவே இவற்றை மறக்காதீர்கள்:

நிலம் பலமாகவோ, நெடுநேரமோ ஆடினால், ஆட்டம் நின்றதும் மேட்டுக்கு ஓடுங்கள். சங்கு ஊதும் வரை காத்திருக்க வேண்டாம்.

கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். உள்வாங்காமலும் அலை வரலாம்.

முதல் அலை போனதும் திரும்பி வராதீர்கள். அடுத்த அலை இன்னும் பெரிதாக இருக்கலாம். அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்புங்கள்.

கடற்கரையில் பேத்தி மறுபடி கேட்டாள்: "அப்ப வானத்தைப் பாத்துப் பயப்பட வேண்டாமா பாட்டி?"

பாட்டி சிரித்தார். "வானத்தைப் பாத்து ஆசைப்படு, கண்ணு. தரை ஆடுச்சுன்னா மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுக்கு ஓடு."

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மேடான இடம் எது? அங்கே நடந்து போக எத்தனை நிமிடம் ஆகும்?

2. ஓட முடியாத முதியவர்களை யார் அழைத்துப் போவது?

3. நீங்கள் கேட்ட புரளி ஒன்றைச் சொல்லுங்கள். அது பொய் என்று எப்படித் தெரிந்தது?