செருப்பைக் கழற்றுகிற ஊர்

சிவகாசியை அடுத்த எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம் செருப்பை வாசலில் விடுவதற்குக் காரணம் வெடிமருந்து. பட்டாசு அறையில் ஆணி அடித்த செருப்பு தரையில் உரசினாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். அதனால் வெறுங்கால்தான் வழக்கம். கொடைக்கானல் மலையின் மடிப்பில் இருக்கும் வெள்ளகவியில் காரணம் சாமி. எது வீட்டு வாசல், எது கோயில் வாசல் என்று பிரிக்க முடியாதபடி நெருங்கிக் கிடக்கிற ஊர் அது. எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களோடு வந்த, பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் தம்பி சிரமமில்லாமல் நடந்தான். பேனா பிடிக்கிற எனக்கு நாலு எட்டிலேயே கல் குத்தியது.

தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். சதுரகிரிக்கு அடிக்கடி போகிறவர்கள்தாம் நாங்கள். ஆனால் அது கும்பிடப் போகிற மலை. ஆட்கள் குடியிருக்கிற மலையைப் பார்ப்போம் என்று நாலு பேர் கிளம்பினோம்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் விடியலில் இறங்கத் தொடங்கினால், டால்பின் நோஸ் பாறை வரை சுற்றுலாக் கூட்டம் கூடவே வரும். ஆம்லெட் கடையும் செல்ஃபியும் அதோடு சரி. அதற்குக் கீழே ஒற்றையடிப் பாதை, வேர்ப் படிகள், சோலை நிழல். மழை விட்ட நேரமென்றால் அட்டை காலைத் தேடி வரும். கரிசல்காட்டில் அட்டையைக் கண்டிராதவர்களுக்கு அது தனிப் பாடம். இறக்கம்தானே என்று நினைத்தோம். ஏற்றம் மூச்சை வாங்கினால் இறக்கம் முழங்காலை வாங்கிவிடுகிறது. வெள்ளகவியை நெருங்கும்போது காப்பிச் செடிகளும் எலுமிச்சையும் பலா மரங்களும் எதிர்ப்படுகின்றன. இன்னும் கீழே இறங்கினால் பெரியகுளத்தை ஒட்டிய கும்பக்கரை அருவி.

இந்த ஊர் கொடைக்கானலுக்கு மூத்தது. 1821-ல் இந்த மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, குன்னுவர் சமூகத்தார் வாழ்ந்த வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டியதே அதற்கப்புறம், 1845-ல். மலைச்சாலை வருகிற வரை கொடைக்கானலுக்குப் போன துரைமார் குதிரையில் போனார்கள், இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் தோளில் போனார்கள். சுமந்தவர்களின் பெயர் நம் கைக்கு வந்து சேரவில்லை. பிறகு சாலை வந்தது, கொடைக்கானல் நகரமானது. வெள்ளகவி பல தலைமுறைகளாகக் காலையும் குதிரையையும் நம்பியே இருந்தது. அரிசி குதிரை முதுகில் வரும். விளைந்த காப்பிக்கொட்டை அதே முதுகில் போகும். தேர்தல் நாளில் வாக்குப்பெட்டிக்கும் அதுதான் வண்டி.

நோயாளிக்கு டோலி. இதே ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூரில் நிலைமை இன்னும் மோசம். மழைக்காலத்தில் கல்லாற்றில் வெள்ளம் வந்தால் டோலி தூக்குகிறவர்களும் கரையில் நிற்க வேண்டியதுதான்.

வழியில் சந்தித்த மலையேற்றக்காரர்கள் சிலர், சாலை வந்தால் ஊரின் அழகு போய்விடும் என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒரு நாள் நடந்துவிட்டு மறுநாள் பஸ் ஏறுகிறவர்கள், பிரசவ வலியில் டோலியில் ஆடுகிறவளுக்குப் பாதையின் அழகைச் சொல்லக் கூடாது. காடு கெடாமல் சாலை போடுவது எப்படி என்பதுதான் பேச வேண்டிய பேச்சு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை வெம்பக்கோட்டைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். கோடையில் இந்தப் பக்கம் போகாதீர்கள். மற்ற நாட்களிலும் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பாதை தெரிந்த உள்ளூர் ஆளுக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். வெள்ளகவியில் காப்பிப்பொடி கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

எங்கள் ஆலை வாசலில் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். வட்டக்கானலில் அப்படிக் கேட்க ஆள் இல்லாவிட்டாலும், சிவகாசித் தீப்பெட்டியே ஆனாலும், அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.