தோல் ஊர்கள் – 17: அந்த எண் யாருடையது?

விரல்களிலிருந்து தொடங்குகிறேன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் வருஷக்கணக்காகப் புழங்கிய கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ஷூ கம்பெனியில் அப்பர் ஒட்டுகிற பெண்களுக்குப் பசை விரல்நுனியில் காய்ந்து, உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பீடி சுற்றுகிறவர்களுக்கு இலையின் விளிம்பும் தூளும் அதே வேலையைச் செய்கின்றன. இந்த மூன்று தொழிலில் ஒன்றாவது இல்லாத தெருவை வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். ரேஷன் கடைக் கருவியில் இந்த விரல்களை வைத்தால் ஏற்காது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்கள், அப்போதும் ஏற்காது. ஆதார் கேட்கிற இடமெல்லாம் இதே பாடு. கடைசியில் பெரும்பாலும் போனுக்கு வரும் ஆறு இலக்க ஓடிபியில்தான் காரியம் நடக்கிறது.

அதனால் இந்த ஊரில் ஸ்மார்ட்போனைப் பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்த எண் யாருடையது என்பதுதான்.

தோல் ஷாப்புகளின் கழிவுநீரைப் பற்றியும், அது குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பற்றியும் சென்ற வாரம் எழுதினேன். இந்த வாரம் அங்கே உழைக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அதுவரை கவரில் கிடைத்த சம்பளம் பல இடங்களில் வங்கிக் கணக்குக்குப் போனது. கணக்குக்கு ஒரு போன் எண் கேட்டார்கள். வீட்டுக்கு ஒரு போன் இருந்த காலம். சம்பாதித்தது மகள், கொடுத்தது அப்பாவின் எண். அப்பா இல்லையென்றால் அண்ணனுடையது, புருஷனுடையது. 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவர்தான் ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார். ஆண்களில் பாதிக்கு மேல்.

இந்த எண் சிக்கல் முற்றி நிற்கும் இடம் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். பேரணாம்பட்டுப் பெண்கள் பலர் கல்யாணத்துக்கு முன் நாலைந்து வருஷம் வேலை பார்ப்பார்கள், பிறகு நிறுத்துவார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் திரும்ப வருவார்கள். ஆர்டர் குறைந்தால் கம்பெனி மாறுவார்கள். 2014இல் யு.ஏ.என் என்ற 12 இலக்க எண் வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே ஆளின் பி.எஃப். ஒரே எண்ணின் கீழ் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைத் திறக்கும் சாவி பத்து இலக்க போன் எண். கல்யாணமாகிப் பெண் வீடு மாறும்போது அந்தச் சாவி பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

பஜாரில் ஒரு நெட் சென்டர். மகளின் காலேஜ் ஃபீஸுக்காகப் பி.எஃப். பணம் எடுக்க, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பெண் வந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் திரும்பாமலே கேட்டான்: “அக்கா, ஓடிபி வந்துச்சா?”

“இந்த நம்பருக்கு வராது தம்பி. பழைய நம்பருக்குப் போவுது.”

“பழைய சிம் யாராண்ட இருக்கு?”

“எங்கம்மா வீட்ல, என் தம்பியாண்ட.”

தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி ஆம்பூரில் வேறொரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறார். அங்கே காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும். ஓடிபியோ சில நிமிஷத்தில் காலாவதி. சாப்பாட்டு நேரம் வரை அந்த அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தம்பி கூப்பிட்டபோது பி.எஃப். தளம் திறக்கவில்லை. அன்றைய சம்பளமும் போயிற்று, பணமும் கைக்கு வரவில்லை.

சில சென்டர்களில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கணக்கைப் பதிவு செய்யும்போதே கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார், பாஸ்வேர்டும் அவர் நோட்டில்தான் இருக்கும். அடுத்த தடவையும் அவரிடமே வர வேண்டும். இதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷ உழைப்பின் கதவு ஒரு ஜெராக்ஸ் கடை நோட்டில் இருக்கக் கூடாது.

சரி, தனக்கென்று ஒரு சிம் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். மாத ரீசார்ஜ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 28 நாள். 365 நாளை 28ஆல் வகுத்துப் பாருங்கள். சம்பளம் வருஷத்துக்குப் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதின்மூன்று. 2024 ஜூலையில் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றிய பிறகு, வீட்டில் முதலில் ரீசார்ஜ் நின்றுபோவது அம்மாவின் போனுக்குத்தான். “அவரும் புள்ளயும் வெளிய போறாங்க, எனக்கு எதுக்கு, அவரு போன்ல பேசிக்கிறேன்” என்கிறார் ஒரு பீடித் தொழிலாளி. 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ப்ரீபெய்ட் எண்ணை நிறுத்திவிடலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. நிறுத்திய எண் கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும். வங்கி, ஆதார், பி.எஃப். எல்லாம் அந்த எண்ணோடு கட்டியிருக்கும். ஆதாரில் எண்ணை மாற்றப் பல வருஷம் நேரில்தான் போக வேண்டியிருந்தது, பெரும்பாலும் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. தேய்ந்த அதே விரல்.

இவ்வளவுக்கும் பிறகு, சொந்தப் போன் வைத்திருக்கும் பெண்களோடு பேசும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பேரணாம்பட்டில் தமிழ், உருது, பக்கத்திலேயே ஆந்திர எல்லை என்பதால் தெலுங்கும். வீட்டில் தக்னி உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்து, இரண்டிலும் தயங்கித் தயங்கி எழுதும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு வாட்ஸ்அப்பின் மைக் பொத்தான் பெரிய விடுதலை. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு ஒரு காலத்தில் யாரையாவது உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொல்ல வேண்டியிருந்தது. மனசில் இருப்பதில் பாதியை எழுதுகிறவருக்கு முன்னால் சொல்ல முடியாது. இப்போது இலையும் தூளும் கொண்ட முறம் மடியில் இருக்க, போனைச் சுவரில் சாய்த்துவைத்து, தூள் படாமல் சுண்டுவிரல் முட்டியால் பொத்தானை அழுத்திப் பேசுகிறார் ஒரு தாய். திட்டுவதையும் அவரே திட்டுகிறார்.

பயமும் இருக்கிறது. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் போன்?” என்று கேட்கும் வீடுகளை நான் வெறுமனே பழித்துவிட்டுப் போகமாட்டேன். கடன் ஆப்களில் சிக்கியவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஐயாயிரம் வாங்குவார்கள், ஆப் போனிலிருக்கும் எண்களையெல்லாம் உருவிக்கொள்ளும், தவணை தவறினால் மாமியார் வரைக்கும் போன் போகும், வெட்டி ஒட்டிய படம் போகும். மானத்துக்கு அஞ்சி மேலும் மேலும் கட்டுகிறார்கள். பணம் பறிபோன உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. இதை ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் தமிழிலும் உருதிலும் எழுதி வைக்க வேண்டும். பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்கினால் பயம் போய்விடாது. ஆபத்து அப்படியே இருக்கும், உதவிக்கு அழைக்கும் வழிதான் போகும்.

2019இல் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. ஆனாலும் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் விடிகாலை வேன்கள் எப்போதும்போல மாவட்ட எல்லை தாண்டி ஆம்பூருக்குப் போகின்றன. ஒவ்வொரு வேனுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். வேன் எங்கே வருகிறது, யார் இன்று வரவில்லை என்பதற்காக ஆரம்பித்தவை. இப்போது எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஓவர்டைம் எவ்வளவு தருகிறார்கள் என்பதும் அதில் வருகிறது. முன்பு இதெல்லாம் சூப்பர்வைசருக்கு மட்டும் தெரிந்த சேதி. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும். அந்த அரசு அறிவிப்பின் பிடிஎஃப் யாராவது ஒருவர் மூலம் குரூப்புக்கு வந்துவிடுகிறது.

அப்படி ஒரு ஏப்ரலில் வேனில் சிலர் அதைப் பெரிதாக்கி, தங்கள் சம்பளச் சீட்டின் போட்டோவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சீட்டில் அகவிலைப்படி பழைய தொகையாகவே இருந்தது. “நாளைக்கு ஆபீஸ்ல கேக்கறேன்” என்றார் அவர்.

“தனியா போவாத, நாங்களும் வர்றோம்” என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

(தொடரும்)