நடை முந்தினால் போதுமா?

சென்ற ஆண்டு, 18 மாதம் நிரம்பியிருந்த என் மகளை டில்லியில் ஒரு மருத்துவ நிலையத்திற்கு வளர்ச்சிப் பரிசோதனைக்காக அழைத்துச் சென்றேன். அவள் பத்தாம் மாதத்திலேயே துணையின்றி நடந்தவள். ஆதலின் எல்லாக் கேள்விகளுக்கும் பெருமையுடன் விடையளிக்கும் எண்ணத்துடனேயே சென்றேன். நடப்பது, படி ஏறுவது, கிண்ணத்தில் பருகுவது ஆகியவை பற்றிய வினாக்களுக்கு அவ்வாறே விடையளித்தேன். “சொல்வதைப் புரிந்துகொள்கிறாளா?” என்று வைத்தியர் கேட்டபோதும், “எல்லாம் புரிந்துகொள்வாள்” என்றேன்.

வைத்தியர் அவ்விடையுடன் நின்றுவிடவில்லை. மேசைமீது ஒரு பந்தை வைத்து, அதை எடுத்து வரும்படி வீட்டு மொழியிலேயே, ஜாடை ஏதும் காட்டாமல் சொல்லுமாறு என் மனைவியைப் பணித்தார். குழந்தை விழித்து நின்றாள். அதே சொற்களைக் கையை நீட்டிச் சொன்னதும் உடனே எடுத்து வந்தாள். பின்புறம் நின்று மெல்ல அழைத்தபோது அவள் திரும்பவில்லை. வீட்டில் நாங்கள் பேசும்பொழுதெல்லாம் எங்கள் கையும் உடன் பேசி வந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்தடுத்து வந்த ஜலதோஷத்தின் பின், நடுச்செவியில் நீர் தங்கியிருப்பது செவிப் பரிசோதனையில் தெரியவந்தது. இது இளங்குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவதே. பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே வடிந்துவிடும். ஆயினும், பேச்சைக் கற்கும் பருவத்தில் அது நீடித்தால் சொற்கள் குழந்தையைச் சரிவர எட்டாமற் போகக்கூடும். மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது செவி தெளிந்திருந்தது.

குழந்தையின் வளர்ச்சி ஒரே தடத்தில் செல்வதன்று. உடலியக்கம், விரல்களின் நுண்செயல், மொழி, அறிவு, பிறருடன் பழகுதல் என அது பல துறைகளில் நிகழ்கின்றது. ஒன்றில் முந்துவது மற்றொன்றுக்குச் சான்றாகாது. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, நலமுள்ள குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரை பரந்துள்ளது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழந்தாளிட்டுத் தவழாமலே நடந்துள்ளனர். எனவே பத்தாம் மாதத்தில் நடப்பது சிறப்புமன்று. பதினைந்தாம் மாதத்தில் நடப்பது குறையுமன்று.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மதிப்பீட்டு அட்டைகள் அமைக்கப்படுகின்றன. 1991-இல் வெளியான திருவனந்தபுரம் அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இரண்டு வயது வரைக்குரிய 17 செயல்கள் அதில் கிடைக்கோடுகளாகக் காட்டப்பட்டுள்ளன. ஒரு கோட்டின் இடமுனை நூற்றுக்கு 3 குழந்தைகளும், வலமுனை 97 குழந்தைகளும் அச்செயலைச் செய்யும் வயதைக் குறிக்கும். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறமாக முழுதும் அமைந்த கோட்டுக்குரிய செயலைக் குழந்தை செய்யாவிடில், மேற்பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். அட்டை ஒரு சல்லடையே. அது நோயை நிர்ணயிப்பதன்று.

ஊழியர்களும் ஆசிரியர்களும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம். முதலாவதாக, “செய்வானா?” என்று கேட்பதினும், “கடைசியாக எப்போது செய்தான்? எவ்வாறு செய்தான்?” என்று கேட்பது மேல். இயன்றவரை நேரிலும் பார்த்தறிய வேண்டும். இரண்டாவதாக, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். மூன்றாவதாக, கற்ற சொல்லையோ செயலையோ குழந்தை இழந்துவிடுமாயின் தாமதமின்றி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். “ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்” என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடுதல் தவறாகும்.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டுமென்பது ஏற்பாடு. ஐயத்திற்குரிய குழந்தைகளை அக்குழு மாவட்டத்திலுள்ள ஆரம்பத் தலையீட்டு மையத்திற்கு அனுப்பும். குழு வரும் நாள்வரை காத்திராமல், ஐயம் தோன்றியபோதே குறித்து வைப்பது ஊழியரின் கடமை.

பெற்றோரின் பெருமிதம் இயல்பானது, அதைப் புண்படுத்தவேண்டியதில்லை. குழந்தை நடந்த நாளைப் பெற்றோர் மகிழ்வுடன் சொல்லட்டும். அதனைக் குறித்துக்கொண்ட பின், பின்னால் நின்று குழந்தையை ஒருமுறை மெல்ல அழைத்துப் பாருங்கள்.