உங்களுக்குத் தெரியுமா? நன்மையும் நாற்காலியும்

● பழவேற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், பூநாரையைப் பார்ப்பார்கள், எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும் டச்சுக் கல்லறையைப் படம் எடுப்பார்கள். அதே ஊரில் மகிமை மாதா திருத்தலமும் இருக்கிறது. 1515-ல் போர்த்துகீசியர் எழுப்பியது என்பது கோயில் மரபு. நூறாண்டு கழிவதற்குள் டச்சுக்காரர் வந்து ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகம் முழுவதையும் இங்கிருந்தே நடத்தினார்கள். அவர்கள் கால்வினியப் புராட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கர் என்றாலே போர்த்துகல் ஆள் என்ற சந்தேகம் அவர்களுக்கு.

அதே டச்சுக் கம்பெனி 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் 1687-ல் ஏழைக் கூலியின் உடையில் அங்கே போய்ச் சேர்ந்தார். ராத்திரியில், சாத்திய கதவுக்குப் பின்னால் பூசை வைத்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதே அரசியல் குற்றமாக இருந்த காலம் அது.

● அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் சண்டை இது: கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் கத்தோலிக்க அரசியல்வாதிக்கு நற்கருணை தரலாமா? 2019 அக்டோபரில் தென் கரோலினாவின் புளோரன்ஸ் நகரில் ஒரு பங்குக் குரு, ஜோ பைடனுக்கு மறுத்தார். பைடன் அதிபரான பிறகு, 2021 ஜூனில், நற்கருணை பற்றி ஓர் ஆவணம் எழுதுவதா வேண்டாமா என்று அமெரிக்க ஆயர்கள் வாக்கெடுத்தார்கள். எழுதலாம் என்றவர்கள் 168, வேண்டாம் என்றவர்கள் 55. நவம்பரில் ஆவணம் 222-க்கு 8 என்று நிறைவேறியது. அதில் பைடன் பெயரே இல்லை! ஐந்து மாதத்தில் சூடு எங்கே போயிற்று? ஜூன் வாக்கெடுப்புக்கு முன்பே, மே மாதத்தில், ரோமிலிருந்து பொறுமையாக இருக்கச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. தான் யாருக்கும் நற்கருணையை மறுத்ததில்லை என்று பிரான்சிஸும் செப்டம்பரில் விமானத்தில் செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். கருக்கலைப்பு கொலைதான் என்பதையும் அதே பேச்சில் அவர் அழுத்திச் சொன்னார். இந்த இரண்டாவது பாதியை ஒரு தரப்பும், முதல் பாதியை மறு தரப்பும் வசதியாக மறந்துவிடும்.

● அமெரிக்கக் கீழவைத் தலைவராக இருந்த நான்சி பெலோசியின் கதை இன்னும் சுவையானது. 2022 மே 20 அன்று சான்பிரான்சிஸ்கோ பேராயர் கோர்டிலியோனே அவருக்குத் தடை போட்டார். ஜூன் 29 அன்று, பெலோசி ரோம் புனித பேதுரு பேராலயத்தில், திருத்தந்தை தலைமையேற்ற திருப்பலியில் நன்மை வாங்கினார். ஒரு மறைமாவட்டத்தில் தடை, தலைமைக் கோயிலில் அனுமதி.

● மரண தண்டனையை ஆதரிக்கும் கத்தோலிக்க அரசியல்வாதிக்கு இப்படி யாராவது கதவை அடைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று 2018-லேயே மறைக்கல்வி நூல் திருத்தப்பட்டுவிட்டது. 2025 செப்டம்பரில், சிகாகோ கர்தினால் கியூபிச், கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் செனட்டர் டிக் டர்பினுக்கு விருது தரப் போக, பழமைவாத ஆயர்கள் கொதித்தார்கள். டர்பின் விருதே வேண்டாம் என்று ஒதுங்கினார். அப்போது திருத்தந்தை 14-ஆம் லியோ, கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையை ஆதரிப்பவரை உயிருக்கு ஆதரவானவர் என்று சொல்ல முடியாது என்றார். விருப்பப்பட்ட பாவத்துக்கு மட்டும் பூட்டு என்பது அங்கே பழைய வழக்கம்.

● நம் பக்கத்திலும் யார் யாருக்கு நன்மை கொடுப்பது என்ற சண்டை முன்னூறு ஆண்டுப் பழசு. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரி வந்த துர்னோன், 1704-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். நெற்றிக்குறி, தாலி, பூப்பு நீராட்டு என்று பலவற்றுக்குத் தடை போட்ட ஆணை அது. உள்ளூர் வழக்கங்களோடு இணங்கிப் போன இயேசு சபையாருக்கு அது பெரிய அடி, அவர்கள் எதிர்த்தார்கள். இன்று படித்தால் துர்னோன் பழமைவாதி, இயேசு சபையார் முற்போக்கு என்று தோன்றும். அதே ஆணையின் இன்னொரு பிரிவைப் பாருங்கள்: தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நோயில் கிடந்தால், குரு அவர்கள் வீட்டுக்குள் போய் அவஸ்தை கொடுத்தே ஆக வேண்டும். சாதித் தீட்டுக்குப் பயந்து வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்தவர்கள் 'முற்போக்கு' தரப்பினர்! கடைசியில் 1744-ல் 14-ஆம் பெனடிக்ட் காலத்தில் ஒரு சமரசம் வந்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று தனியாகக் குருக்கள். ஒரே மறை, இரண்டு வகை சாமியார்.

● நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் அந்தச் சமரசம் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. 1872-ல் கட்டிய கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். இந்தக் காலில் நிற்பவருக்குக் குரு தெரிவார், அந்தக் காலில் நிற்பவர் தெரியமாட்டார். 1910-ல் நடுத்தடுப்பு இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அது பழைய கதை என்று யாரும் நிம்மதியாக உட்கார வேண்டாம். விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் வந்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தது 2008 மார்ச்சில்.

● கம்யூனிஸ்ட் கட்சியில் சேரும் கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனங்கள் கிடையாது என்று ரோம் ஆணையிட்டது 1949 ஜூலையில். பத்தாண்டு கழித்துக் கேரளத்தில் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக 'விமோசன சமரம்' (விடுதலைப் போராட்டம்). ஆயர்களும் நாயர் சங்கமும் காங்கிரசும் கைகோத்து நின்றன. 1959 ஜூலை 31 அன்று ஈ.எம்.எஸ். ஆட்சி கலைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் திருச்சூர்க் குரு ஜோசப் வடக்கன். அதே வடக்கன் சில ஆண்டுகளில் இடுக்கி மலைக் குடியேறிகளை அரசு காலி செய்தபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனோடு சேர்ந்து நின்றார். அவர் தொடங்கிய கட்சி 1967-ல் ஈ.எம்.எஸ். கூட்டணி அரசிலேயே இடம்பெற்றது. எந்தப் பெட்டியில் இவரை அடைப்பது?

● நிகரகுவாவில் எர்னெஸ்டோ கார்டினால் குருவாக இருந்துகொண்டே புரட்சி அரசில் அமைச்சரானார். 1983-ல் மனாகுவா விமான நிலையத்தில் முழந்தாளிட்டவரிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் விரலை நீட்டிக் கண்டித்த படம் உலகெங்கும் வந்தது. அதன் பிறகு பூசை வைக்கத் தடை. தடை நீங்கியது 2019 பிப்ரவரியில். அப்போது அவருக்கு வயது 94.

● இனி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் ஆலைகளைத் தெரிந்த அளவுக்கு அங்கிருக்கும் இலங்கைத் தமிழர் முகாமைப் பலருக்குத் தெரியாது. 'மறுவாழ்வு முகாம்' என்று 2021-ல் தமிழக அரசு பெயர் மாற்றியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. மன்னார்க் கரையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வழியே தமிழக முகாம்களுக்கு வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. அவர்கள் விட்டுவந்த மறைமாவட்டத்துக்கும் கொழும்புக்கும் நடுவே நடந்த இழுபறியை நம் ஊர்ப் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நெடுந்தீவுக்காரர். போர் முடிந்த பிறகு, 2011 ஜனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் நின்றார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர் என்பது அரசு அலுவலகக் கணக்கு. அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். வசைச் சொல் கிடையாது, மேசை தட்டல் கிடையாது, ஒரு கழித்தல் கணக்கு. அதற்கு இன்றுவரை விடை வரவில்லை.

அதே வேளையில் கொழும்பில் இருந்தவர் மால்கம் ரஞ்சித். வத்திக்கானில் வழிபாட்டுப் பேராயத்தின் செயலராக இருந்து 2009-ல் பேராயராகத் திரும்பியவர், மறு ஆண்டு கர்தினால். வந்த வருடமே, நன்மையை முழந்தாளிட்டு நாவில்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நம் கோயில்களில் என்ன நடக்கிறது? வரிசையில் நின்று, வலக்கை மேல் இடக்கையை வைத்து நீட்டி, ஆமென் சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நகர்வோம். நாவில் வாங்கும் பாட்டிகளும் அதே வரிசையில் இருப்பார்கள். யாரும் சண்டை போடுவதில்லை. கொழும்பில் அது கொள்கை.

2012 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீது தீர்மானம் வந்தது. இராயப்பு ஜோசப்பும் வடக்கின் குருக்களும் அதை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். கர்தினால் ரஞ்சித் அதை வெளியார் தலையீடு என்று எதிர்த்தார். ஒரே நாடு, ஒரே ஆயர் பேரவை, ஒரே பீடம்; ஜெனீவாவில் எதிரெதிர்க் கட்சி.

பிறகு 2019 ஏப்ரல் 21 ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் உயிர்ப்புப் பெருவிழா நேரத்தில் குண்டுகள் வெடித்தன. ஓட்டல்களிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் செத்தவர்களையும் சேர்த்தால் 260-க்கு மேல். விசாரணை இழுத்தடிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் எழுந்து சர்வதேசத்திடம் நீதி கேட்டவர் யார் தெரியுமா? அதே கர்தினால் ரஞ்சித். பத்தாண்டுக்கு முன் அந்தக் கதவைத் தட்டிய மன்னார் ஆயர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2021 ஏப்ரல் 1 அன்று காலமாகியிருந்தார்.

● இலங்கை என்றதும் சொல்லாமல் விட முடியாத இன்னொருவர், திஸ்ஸ பாலசூரியா. அமலமரித் தியாகிகள் சபைக் குரு. நற்கருணையும் மானுட விடுதலையும் பற்றி 1970-களில் ஒரு நூல் எழுதினார். ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் காலனி கொள்ளையோடு எப்படி ஒத்துப்போனார்கள் என்பதுதான் அதன் கேள்வி. அவரை வீழ்த்தியது அந்த நூலல்ல, 1990-ல் மரியாளைப் பற்றி எழுதியது. அதைக் கண்டித்த ஆயர் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் மால்கம் ரஞ்சித்தான். 1997 ஜனவரியில் ரோம் பாலசூரியாவைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. எழுபது கடந்த குருவுக்குப் பூசை வைக்கவும் முடியாது, நன்மை வாங்கவும் முடியாது. உலகெங்கிலும் எதிர்ப்பு கிளம்பி, மறு ஜனவரியில் விலக்கம் நீங்கியது. ஆயிரக்கணக்கில் ஆள் காணாமல் போன நாட்டில் அந்த உச்சத் தண்டனை ஒரு நூலாசிரியருக்குக் கிடைத்தது.

● கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலைகளில் ஜார்க்கண்டுப் பையன்களைப் பார்க்கலாம். அவர்கள் ஊர்ப் பழங்குடிகளுக்காகவே வாழ்ந்தவர் திருச்சி மாவட்டத்து ஸ்டான் சுவாமி. மத்திய பாஜக ஆட்சியில் 2020 அக்டோபர் 8 அன்று கைதான இந்த இயேசு சபைக் குரு, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை; ரப்பருக்குக் கிலோ 300 ரூபாய் தந்தால் பாஜகவுக்குக் கேரளத்தில் ஓர் எம்.பி. கிடைக்க உதவுவோம் என்றார் தலச்சேரிப் பேராயர் பாம்பிளானி. ரப்பர் விவசாயியின் கஷ்டம் உண்மைதான். ஆனாலும் பேரம் பேரம்தான்.

● எர்ணாகுளத்தில் சண்டை வேறு: பூசையில் குரு மக்களைப் பார்த்து நிற்பதா, பீடத்தைப் பார்த்து நிற்பதா? பாதிப் பாதி என்று சீரோ மலபார் ஆயர் மன்றம் 2021-ல் முடிவு செய்தது. 2022 கிறிஸ்துமசுக்கு முன்னால் மரியன்னை பசிலிக்காவின் பீடத்திலேயே தள்ளுமுள்ளு. 2023 டிசம்பர் 7 அன்று பிரான்சிஸ் காணொளியில் மன்றாடினார்; அன்றே கர்தினால் ஆலஞ்சேரி பதவி விலகினார்.

● அமெரிக்கச் சண்டையில் இரு தரப்பும் மேற்கோள் காட்டும் திருச்சபைச் சட்டம் 915-ஆம் எண். வெளிப்படையான பெரும் பாவத்தில் பிடிவாதமாக இருப்பவரை நற்கருணைக்கு அனுமதிக்கலாகாது என்கிறது. அதே தொகுப்பில் மூன்று எண் முன்னால், 912-ல், சட்டம் தடுக்காத எந்தத் திருமுழுக்குப் பெற்றவரையும் நற்கருணைக்கு அனுமதிக்கலாம், அனுமதித்தே ஆகவும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை யாராவது உங்களிடம் 915 என்று ஆரம்பித்தால், 912-ஐயும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.