தாத்தா பிடித்த சக்கரம்! பழைய காரின் மர ஸ்டீரிங்கைப் புதுப்பிப்பது எப்படி?

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல்! ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று தென்காசித் தெருக்களையும் குளிர வைக்கிறது. அருவியில் குளிக்க ஊர் ஊராக ஜனங்கள் வந்து குவிகிறார்கள்.

மனிதருக்கு இன்பம் தரும் இந்தச் சாரல், ஒரு பொருளுக்குப் பகை. பழைய மோட்டார் காரில் இருக்கும் மர ஸ்டீரிங்தான் அது!

தாத்தா வாங்கிய கார் ஒன்று கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்கு அதை மறுபடியும் ஓட்ட ஆசை. என்ஜினைப் பார்க்க மெக்கானிக் இருக்கிறார். ஆனால் வெடித்துத் தோலுரிந்து கிடக்கும் மர வளையத்தை என்ன செய்வது? "ஒரு கை வார்னிஷ் அடித்தால் தீர்ந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து!

சக்கரம் வந்த கதை

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு ஸ்டீரிங் சக்கரம் கிடையாது. படகின் சுக்கானைப் போல ஒரு பிடியைத் தள்ளித்தான் வண்டியைத் திருப்பினார்கள். 1894-ல் பாரீஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த கார் பந்தயத்தில், ஆல்பிரெட் வாஷெரோன் என்பவர் தமது பான்ஹார்டு காரில் சக்கரம் பொருத்தி ஓட்டினார். பின்னால் மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள்.

1908-ல் வெளிவந்த போர்டு 'டி' மாடல் காரில், நான்கு கைகள் கொண்ட உலோகச் சட்டத்தின் மேல் மர வளையம் திருகப்பட்டிருந்தது. 1950-களில் இத்தாலியின் நார்டி கம்பெனி செய்த மர ஸ்டீரிங்குகள் பந்தயக்காரர்களிடம் பெயர் வாங்கின.

ஏன் மரம்? இரும்பு வெயிலில் சுடும், பனியில் சில்லிடும். மரம் அப்படிச் செய்வதில்லை. அரிவாளுக்கும் உளிக்கும் மரப்பிடி போடுகிறோமே, அதே காரணம்தான்!

அம்பாஸடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களோடு வந்தது பிளாஸ்டிக் வளையம். அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

மரம் மூச்சு விடும்

மழைக் காலத்தில் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்கிறது, கோடையில் தளர்கிறது. ஈரக் காற்றில் மரம் உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். தென்காசி, செங்கோட்டை மர அறுவை மில்களில் வேலை செய்பவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம்.

ஸ்டீரிங் வளையம் பெரும்பாலும் ஒரே துண்டு மரம் அல்ல. பல துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. அதைத் தாங்குவது உலோகச் சட்டம். மரம் உப்பிச் சுருங்கும்போது உலோகம் அதே அளவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. வருஷக் கணக்கில் இந்த இழுபறி நடந்தால் ஒட்டு விடும். மேற்பூச்சு வெடிக்கும். வெடிப்பில் கை வியர்வை இறங்கி மரம் கறுத்துப்போகும்.

முதலில் உயிர், பிறகு அழகு!

வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு வளையத்தைக் கழற்ற வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பை எடுத்துவிடுவார். முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டிலும் வளையத்திலும் அடையாளம் போட்டுக்கொள்வார். பிறகு புல்லர் கருவியால் இழுப்பார். சுத்தியலால் அடித்தால் தண்டு கெட்டுவிடும்.

கழற்றியதும் உலோகத்தைப் பார்க்க வேண்டும். கைகளில் விரிசல் உண்டா? ஆணிகள் ஆடுகின்றனவா? நடுத்துளையின் பற்கள் தேய்ந்துவிட்டனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை ஓட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

செங்கோட்டையைத் தாண்டினால் மலைப்பாதை. அந்த வளைவில் வளையம் கையோடு கழன்று வந்தால் என்ன கதி? எத்தனை பளபளப்பும் அப்போது காப்பாற்றாது!

நிதானமாகத் தேய்க்க வேண்டும்

உலோகம் நன்றாக இருந்தால் மரத்துக்கு வரலாம். சோப்பு நீரில் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்துக் காய விட வேண்டும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்க்கலாம். பூச்சு இளகினால் அது அநேகமாக அரக்கு பாலிஷ். இளகாவிட்டால் வேறு வகை வார்னிஷ்.

பழைய பூச்சை மெதுவாகச் சுரண்டிவிட்டு, 120-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 240, 320 என்று போக வேண்டும். மர நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம். மெஷின் வேண்டாம், அது ஒரு நொடியில் பள்ளம் பறித்துவிடும்.

தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கும். அதை மட்டமாக்க வேண்டாம். அது பழுதல்ல, குடும்பத்தின் ஞாபகம்!

விட்டுப்போன ஒட்டில், இரண்டு குழாய்ச் சரக்கைக் கலந்து செய்யும் எபாக்ஸி பசையைச் செலுத்த வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இறுக்கிச் சுற்றி ஒரு நாள் வைக்க வேண்டும். சின்ன பள்ளங்களுக்கு, தேய்த்த மரத்தூளையே பசையில் குழைத்து அடைக்கலாம்.

சாரல் ஓயட்டும்!

அரக்கு என்பது ஒரு வகைப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின். மேஜை நாற்காலிக்கு அரக்கு பாலிஷ் அழகுதான். ஆனால் ஈரக் காற்றில் பூசினால் வெண்மை படரும். வெயிலையும் வியர்வையையும் அது அதிகம் தாங்காது. ஸ்டீரிங்குக்குப் படகுக்குப் பூசும் வகை வார்னிஷே மேல்.

சாரல் காலத்தில் வார்னிஷும் எளிதில் காயாது. மழை ஓய்ந்த தையும் மாசியும் தென்காசியில் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள். மெல்லியதாக ஐந்தாறு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. 400-ம் நம்பர் தாளால் லேசாகத் தடவிய பிறகே அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரமாவது தொடாமல் வைக்க வேண்டும்.

எண்ணெய்த் துணி - உஷார்!

சிலர் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காற்றோடு கலந்து காயும்போது சூடேறி, தானாகவே தீப்பிடிக்கும்! துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். தின்னர், ஸ்பிரிட் பாட்டில்கள் அடுப்புப் பக்கமும் குழந்தைகள் கையெட்டும் இடத்திலும் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும், மெக்கானிக் அடையாளக் கோட்டைப் பார்த்து வளையத்தை மாட்டி, நட்டைச் சரியான அளவில் முடுக்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே சாலைக்குப் போகலாம்.

பொறுத்திருந்து செய்தால், அடுத்த ஆனியில் தாத்தாவின் காரிலேயே குடும்பத்தோடு குற்றாலம் போகலாம். பேரன் கைகள், தாத்தா பிடித்த அதே இடத்தைப் பிடித்திருக்கும்!