வில்லியனூர் சொல்லும் பாடம்

தூரத்தில் இருக்கும் மாணவருக்குப் பாடம் நடத்துவது எப்படி?

ஆசிரியர் ஓர் ஊரில் இருக்கிறார். மாணவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நடுவே இருப்பது ஒரு செல்போன்.

இதுதான் ஆன்லைன் வகுப்பு.

2020-ம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. வகுப்பு செல்போனுக்குள் புகுந்தது. ஆசிரியர் பேசினார். பிள்ளைகள் முகம் தெரியவில்லை. அவர்கள் கேட்டார்களா, தூங்கினார்களா? யாருக்குத் தெரியும்!

தூரத்தில் இருப்பவர் காதில் ஒரு செய்தி ஏறவேண்டும், மனதிலும் நிற்கவேண்டும். அதற்கு என்ன வழி? புதுச்சேரி கிராமங்கள் இதற்கு முன்பே வழி கண்டுவிட்டன.

பாகூர் செப்பேடு

கல்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1,100 ஆண்டுகளுக்கு முன்பே பாகூரில் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. பாகூர் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன.

அன்று மாணவர் ஆசிரியரைத் தேடிப் போனார். இன்று பாடம் மாணவரைத் தேடி வருகிறது. அப்படியானால், மாணவர் எப்படி இருக்கிறார் என்று ஆசிரியர்தானே முதலில் விசாரிக்கவேண்டும்?

முதலில் கேட்டார்கள்!

வில்லியனூரில் அப்படித்தான் செய்தார்கள்.

1998-ம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை இடம். கிராமத்து மையங்களில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். டெலிபோன் மூலமும் ரேடியோ மூலமும் செய்தி போய் வந்தது. மின்சாரம் நின்றால் என்ன செய்வது? அதற்காகச் சூரிய ஒளி மின்சாரமும் வைத்துக்கொண்டார்கள்.

கருவியை வைத்துவிட்டால் போதுமா? போதாது.

"உங்களுக்கு என்ன தெரியவேண்டும்?" என்று கிராமத்து மக்களைக் கேட்டார்கள். காய்கறி விலை, நெல் விலை, மழை, வைத்தியம், வேலைவாய்ப்பு, அரசாங்க உதவி... இவைதான் வேண்டும் என்றார்கள். அதையெல்லாம் வில்லியனூரில் திரட்டி, எளிய தமிழில் எழுதி, கிராமங்களுக்கு அனுப்பினார்கள்.

உள்ளூர் ஆள்

மையத்துக்கு இடம் கொடுத்தது கிராமம். நடத்தியவர்களும் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! எல்லாச் சாதியினரும் வந்து போகலாம் என்பது நிபந்தனை.

படிக்கத் தெரியாத பாட்டி வந்தாலும், மையத்துப் பெண் படித்துச் சொல்லுவார். பாட்டி கேள்வி கேட்டால், அது வில்லியனூருக்குப் போகும். பதில் திரும்பி வரும்.

வீராம்பட்டினம் மீனவர் கிராமம். கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார முடியுமா? அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தெருவெல்லாம் கேட்டது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்து டெலிபோனில் எச்சரிக்கை வந்தது. உடனே மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகள் போயின, உயிர்கள் பிழைத்தன!

1 லட்சத்து 60 ஆயிரம் பேர்

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். 2011-ம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பாடம் ஒன்றை ஆன்லைனில் இலவசமாக நடத்தினார்கள். 1 லட்சத்து 60 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை படித்து முடித்தவர்கள் சுமார் 23 ஆயிரம் பேர்தான்.

மற்றவர்கள் எங்கே? பாதி வழியில் நின்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்து, "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இல்லை என்றால், மாணவர் நழுவுவது சுலபம்.

ஆசிரியர் செய்யவேண்டியது

வகுப்பு தொடங்கும் முன்பே விசாரிக்கவேண்டும். வீட்டில் எத்தனை செல்போன்? அப்பா அதை வேலைக்கு எடுத்துப் போகிறாரா? எந்த நேரம் வசதி? அதற்கு ஏற்றபடி நேரம் குறிக்கவேண்டும்.

பாடத்தைச் சிறு துண்டுகளாக்க வேண்டும். 2014-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆன்லைன் பாட வீடியோக்களை மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கணக்கிட்டது. 6 நிமிடத்துக்கு மேல் நீண்டால் கவனம் சிதறுகிறது என்று அது கூறியது.

ஒரு துண்டு முடிந்ததும் ஒரு கேள்வி. மாணவரைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். பதில் வரும்வரை பொறுக்கவேண்டும். பட்டணத்து உதாரணம் வேண்டாம். வட்டியைப் பற்றிச் சொன்னால், மகளிர் குழுக் கடனை வைத்துச் சொல்லலாம். பரப்பளவு என்றால், நெல் வயலை அளக்கச் சொல்லலாம்.

வகுப்புக்கு வராத பிள்ளைக்குப் பாடத்தின் சுருக்கத்தை அனுப்பவேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் டெலிபோனில் பேசவேண்டும்.

அம்மா செய்யவேண்டியது

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அன்று தகவல் மையத்துப் பெண் செய்ததை இன்று அம்மா செய்யலாம், அக்கா செய்யலாம்.

பாடம் தெரியாவிட்டால் பரவாயில்லை. வகுப்பு முடிந்ததும், "இன்றைக்கு என்ன சொன்னார்கள்? எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் போதும். பிள்ளை சொல்லும். சொல்லும்போது தனக்கு எது புரியவில்லை என்பது அதற்கே தெரிந்துவிடும். மறுநாள் அதை ஆசிரியரிடம் கேட்கும்.

அப்படிக் கேள்வி திரும்பி வந்தால், வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம்!